தூள் வறுக்கிற மூக்கும் ஒரு ஜின் போத்தலும்

போன வருசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மூடி திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகாத ஒரு ஜின் போத்தலைக் குசினி சிங்குக்குள் கவிழ்த்து ஊற்றினேன். ஒரு கிளாஸ் மட்டும்தான் அதில் குறைந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்துகொண்டு ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். மாதத்துக்கு ஒரு போத்தல், அதுவும் பால், கரண்ட், பிள்ளையின் ரியூசன் எல்லாம் கட்டின பிறகு மிஞ்சுகிற காசில். ஊற்றும்போது நெஞ்சு பதைத்தது. ஆனால் குடிக்க ஏலாது. ரோஸ் நிற லேபிள், அதில் பூக்கள், பாரமான கண்ணாடி, மரத்தில் செய்த மூடி எல்லாம் இருந்தன. உள்ளே இருந்தது சென்ட் கலந்த சீனித் தண்ணி.

அம்மா அடுப்படியில் நின்றா. “என்ன தம்பி, பழுதாப் போச்சோ?” என்று கேட்டா. பழுதில்லை அம்மா, இதின்ரை குணமே இதுதான் என்றேன். கையை நீட்டினா. அம்மா இந்த வயது வரைக்கும் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. வீட்டில் போத்தல் இருக்கிறதே அவவுக்கு விருப்பமில்லை. ஆனால் எந்தச் சாமானையும் மணந்து பார்க்காமல் விடமாட்டா. போத்தல் வாயை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒருக்கால் மூச்சை இழுத்தா. “உது சவர்க்காரமெல்லோ” என்று திருப்பித் தந்துவிட்டா.

அலுமாரிக்குள் இன்னொரு போத்தல் கிடந்தது. லண்டனில் இருக்கிற மச்சான் முந்தின வருசம் கொண்டுவந்த டாங்கரே என்கிற ஜின், அடியில் நாலு விரற்கடை மிச்சம். அதில் ஒரு தேக்கரண்டியும் நல்ல தண்ணி ஒரு தேக்கரண்டியும் கலந்து அம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டேன். கறித்தூளுக்கு மல்லி வறுத்து இறக்கினதும் நாலு மணியை எடுத்துக் கையில் தேய்த்து மணப்பா. அதே மாதிரி இரண்டு கையையும் தேய்த்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனா. “மல்லி” என்றா உடனேயே. கொஞ்சம் பொறுத்து, “தேசிக்காய்த் தோல். அதிமதுரமும் போட்டிருக்கிறாங்கள் போலை. மற்றது, குங்கிலியம் மாதிரி ஒண்டு முன்னுக்கு நிக்குது. அது என்னெண்டு தெரியேல்லை” என்றா.

நான் அசந்துபோனேன். டாங்கரேயில் போடுவதாகச் சொல்லப்படுகிறவை நான்கே நான்கு சரக்குகள்: ஜூனிப்பர் என்கிற ஒரு குளிர்நாட்டுக் காய், மல்லி, அஞ்செலிக்கா என்கிற ஒரு வேர், அதிமதுரம். தேசிக்காய் அதில் இல்லை. அம்மாவுக்குத் தேசிக்காயாகப் பட்டது மல்லிக்குள்ளேயே இருக்கிற மணம். மல்லி விதையின் எண்ணெயில் கூடுதலாக இருக்கிற லினலூல் என்ற பொருள் பூவும் தேசிக்காயும் கலந்த மாதிரித்தான் மணக்கும். வறுக்காத மல்லியை அம்மியில் ஒருக்கால் நசித்துப் பாருங்கள், தெரியும். குங்கிலியம் என்று அவ சொன்னதுதான் ஜூனிப்பர். பைன் மரப் பிசினுக்கு மணம் கொடுக்கிற பைனீன்தான் ஜூனிப்பரிலும் மேலோங்கி நிற்கிறது. எங்கள் ஊரில் ஜூனிப்பர் இல்லை, கோயிலில் புகைக்கிற பிசின்தான் இருக்கிறது. அதனால் அவவின் மூக்கு அங்கே போனது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. வருசத்துக்கு இரண்டு தடவை தூள் வறுக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு ஜின்னைத் தரம் பார்க்கிற மூக்கு ஏற்கெனவே இருக்கிறது. மல்லி பழசா புதுசா, கறுவா எங்கள் நாட்டுக் கறுவாவா அல்லது மொத்தப் பட்டையா, வேர்க்கொம்பு பூச்சி பிடித்ததா என்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நின்று மணந்தே சொல்கிற சனம் நாங்கள். ஜின் போத்தலுக்கு முன்னால் மட்டும் ஏன் லேபிளையும் விலையையும் பார்த்து மயங்குகிறோம்? எனக்கும் அதுதான் நடந்தது. விலை கூட, போத்தல் வடிவு, ஆகவே நல்லதாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

குறைந்த காசில் நல்லதாக வாங்க நினைக்கிறவனுக்கு மற்ற எல்லா மதுவையும்விட ஜின்தான் நேர்மையானது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். காரணம் இருக்கிறது. ஸ்கொட்ச் விஸ்கி என்றால் சட்டப்படி குறைந்தது மூன்று வருசம் மரப் பீப்பாவுக்குள் கிடக்க வேண்டும். நல்ல பழைய சாராயமும் அப்படித்தான், வருசக் கணக்கில் பீப்பாவில் கிடக்கும். அந்த வருசங்களுக்கெல்லாம் நாங்கள்தான் வாடகை கட்டுகிறோம். ஜின்னுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மணமும் ருசியும் இல்லாத சுத்த மதுசாரத்தில் சரக்குகளைப் போட்டுத் திரும்ப வடிப்பார்கள். பிறகு தண்ணி கலந்து அளவுக்குக் கொண்டுவந்து போத்தலில் அடைப்பார்கள். ஐரோப்பியச் சட்டத்தின்படி அந்த அடிப்படை மதுசாரம் குறைந்தது 96 வீதம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தச் சுத்தத்தில் மலிவான ஜின்னின் அடியும் விலைகூடின ஜின்னின் அடியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சரக்குகளும் தங்கமில்லை. ஒரு போத்தலுக்குள் போகிற ஜூனிப்பர் ஒரு கைப்பிடி அளவுகூட வராது. அப்படியென்றால் விலை எங்கே ஏறுகிறது? வரி, கப்பல், கண்ணாடி, விளம்பரம். நாக்குக்கு எட்டாத இடங்கள்.

ஆகவே நடு விலையில் இருக்கிற ஒரு ஒழுங்கான ஜின்னுக்கும் அதைவிட மூன்று மடங்கு விலைக்கு விற்கிற ஜின்னுக்கும் இடையில், மூன்று மடங்கு வித்தியாசம் ஒருநாளும் இல்லை. ஆகக் கீழே இருக்கிற சிலவற்றில் மட்டும் பிசகு வரும். அந்தப் பிசகைத்தான் கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.

கடையில் போத்தலைத் திறந்து மணக்க விடமாட்டார்கள். வைன் ஸ்டோர்சில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் போத்தல், இந்தப் பக்கம் சனம். பின்னுக்கு நிற்கிறவர் தோளால் இடிப்பார். அந்த அவசரத்திலும் நான் இப்போது கேட்டுவிடுகிறேன்: “அண்ணை, அந்தப் போத்தலை ஒருக்கால் தாங்கோ, லேபிள் பாக்கவேணும்.” முதல் தடவை அந்த அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது கேட்க முதலே எடுத்து நீட்டுகிறார்.

லேபிளில் பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று ‘லண்டன் ட்ரை’ என்ற சொல். அது லண்டனில் செய்தது என்று அர்த்தமில்லை, செய்த முறையைச் சொல்கிற சொல். ஐரோப்பாவில் அந்தப் பெயரைப் போட வேண்டுமென்றால் எல்லா மணமும் வடிக்கும்போதே சரக்கிலிருந்து வர வேண்டும். வடித்த பிறகு எசன்ஸ் ஊற்றக் கூடாது, நிறம் போடக் கூடாது, சீனி லீற்றருக்கு 0.1 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு அடுத்த படி ‘டிஸ்டில்ட் ஜின்’: வடித்த பிறகும் மணம் சேர்க்கலாம். வெறுமனே ‘ஜின்’ என்று போட்டிருந்தால், மதுசாரத்தில் வாசனையைக் கலந்துவிட்டதாகவும் இருக்கலாம். ரோஸ் நிறத்தில் வருகிறது எதுவும் லண்டன் ட்ரை ஆக ஏலாது. நான் சிங்குக்குள் ஊற்றினது ஏன் அப்படி இருந்தது என்று இதை வாசித்தபோதுதான் விளங்கியது. இது ஐரோப்பியச் சட்டம், இங்கே வடித்து இங்கேயே விற்கிற போத்தலை அது கட்டாது. ஆனால் வெளிநாட்டுப் போத்தலைக் கையில் எடுத்தால் ‘லண்டன் ட்ரை’ என்ற இந்த இரண்டு சொல்தான் ஆக மலிவான உத்தரவாதம்.

மற்றது மதுசார வீதம். கணக்கு எழுதுகிறவன் என்றபடியால் எனக்கு இந்த இடம் பிடிக்கும். ஐரோப்பாவில் ஜின் என்று சொல்ல ஆகக் குறைந்தது 37.5 வீதம் வேண்டும். 750 மில்லிலீற்றர் போத்தலில் 37.5 வீதம் என்றால் உள்ளே இருக்கிற மதுசாரம் 281 மில்லிலீற்றர். 43 வீதம் என்றால் 322. மிச்சமெல்லாம் தண்ணி. அதாவது இரண்டாவது போத்தல் 15 வீதம் விலை கூடவாக இருந்தால், உண்மையில் இரண்டும் ஒரே விலைதான். அதைவிட முக்கியம் மணம். சரக்குகளின் எண்ணெய் கரைந்து நிற்பது மதுசாரத்தில். தண்ணி கூடக்கூட அது மெலிந்துகொண்டு போகும். டொனிக் என்கிற கைப்பான சோடாவும் ஐசும் சேர்ந்த பிறகு 37.5 வீத ஜின் பல நேரம் காணாமல் போய்விடுகிறது, 43 வீத ஜின் நிற்கிறது.

இதில் ஒரு சூட்சுமம், வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற எல்லாருக்கும் உதவும். ஒரே பெயர், ஆனால் மதுசார வீதம் இடத்துக்கு இடம் வேறு. கோர்டன்ஸ் பிரித்தானியாவில் கடையில் 37.5 வீதம், விமான நிலையக் கடைகளுக்கு வருகிற போத்தலில் 47.3. பொம்பே சஃபையர் அங்கே 40, விமான நிலையத்தில் 47. ஆகவே மச்சான் வட்சப்பில் “என்ன கொண்டு வர?” என்று கேட்டால், “சூப்பர்மார்க்கட்டில வாங்காதை மச்சான், எயார்போட்டில வாங்கு, நம்பரைப் பாத்து வாங்கு” என்று எழுதுகிறேன். அவரும் பாரமான வடிவான போத்தல் கொண்டுவந்தால்தான் மரியாதை என்று நினைக்கிறவர். பச்சை நிறத்தில் சாதாரணமாக இருக்கிற போத்தல் எனக்குப் போதும் என்று விளங்கப்படுத்தக் கனநாள் எடுத்தது.

சரி, எல்லாருக்கும் மச்சான் லண்டனில் இல்லை. எனக்கும் அவர் வருசத்துக்கு ஒருக்கால்தான். மிச்சப் பதினொரு மாதமும் இங்கே கிடைக்கிறதில்தான் பார்க்க வேண்டும்.

உள்ளூரில் வடிக்கிற சாதாரண ட்ரை ஜின்களை நான் முதலில் மதிக்கவில்லை. ‘அது கூலிக்காரர் குடிக்கிறது’ என்று ஒருவர் சொன்னதை நம்பி ஒதுக்கி வைத்திருந்தேன். அப்படி நினைத்தது பிழை. நிறமில்லாதது, சீனியில்லாதது, லேபிள் வெறும் லேபிளாக இருக்கிறது என்றால் அதைப் பரிசோதித்துப் பார்க்கலாம். கால் போத்தல் அல்லது அரைப் போத்தல் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். பிடிக்காவிட்டால் நட்டம் சின்னது.

நான் பரிசோதிக்கிற முறை இது. வாய் ஒடுங்கின ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸ். ஒரு தேக்கரண்டி ஜின், ஒரு தேக்கரண்டி தண்ணி. ஐஸ் வேண்டாம், குளிர் மணத்தை அடக்கிவிடும். உள்ளங்கையால் மூடி ஒரு நிமிசம் வைத்துவிட்டுக் கையை எடுத்து மணக்க வேண்டும். முதலில் வர வேண்டியது அந்தப் பிசின் மணம். அது வராமல் மல்லியோ தோடம்பழமோ முந்தினால் பிழை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஜின்னுக்குப் பெயர் கொடுத்ததே ஜூனிப்பர்தான். ஒல்லாந்தர் அதை ஜெனீவர் என்றார்கள், அவர்கள் மொழியில் ஜூனிப்பருக்கு அதுதான் பேர். ஆங்கிலேயன் அதைச் சுருக்கி ஜின் ஆக்கினான். யாழ்ப்பாணக் கோட்டையை 1658 இல் பிடித்து ஐந்து முனையாகத் திருத்திக் கட்டின அதே ஒல்லாந்தர்தான்.

இரண்டாவது மூச்சில் மல்லி. மூன்றாவதில் அடியில் ஏதாவது வேர் மணம், ஈரமண் மாதிரி, அது அஞ்செலிக்கா. பிறகு விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பெருவிரலோடு தேய்த்துக் காயவிட வேண்டும். ஒட்டினால் சீனி இருக்கிறது. ஒட்டாமல் வழுக்கினமாதிரிக் காய்ந்தால் நல்லது. கடைசிப் பரிசோதனைக்குப் பொறுமை வேண்டும்: கிளாஸைக் கழுவாமல் இரவு மேசையில் விட்டுவிட்டு விடியக் காலமை எழும்பி, காய்ந்த கிளாஸை மணக்க வேண்டும். நல்ல ஜின் என்றால் காய்ந்த பிறகும் வேரும் மரமும் அதில் நிற்கும், பூசை முடிந்த அடுத்த நாள் சாமியறை மணக்கிற மாதிரி. எசன்ஸ் ஊற்றினது என்றால் ஒன்றுமே இராது, அல்லது பழைய சென்ட் போத்தல் மணக்கும்.

இப்படிப் பார்த்ததில் உள்ளூர் ட்ரை ஜின் ஒன்று எனக்குத் தேறியது. மெல்லியதுதான், அஞ்செலிக்கா பெரிதாக இல்லை, ஆனால் பொய் இல்லை. மாதப் போத்தல் இப்போது அதுதான்.

பொங்கல், தீபாவளி என்று ஏதாவது வந்தால் கொலம்போ நம்பர் 7 வாங்குகிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு தட்டுப்பாட்டுக் கதை இருக்கிறது, தட்டுப்பாடு எங்களுக்கு விளங்குகிற விசயம். ரொக்லண்ட் என்ற வடிசாலை 1924 இல் தொடங்கினது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு எல்லாம் வரவில்லை; ஜூனிப்பர், மல்லி, அஞ்செலிக்கா, அதிமதுரம் என்று நாலு மட்டும்தான் எடுக்க முடிந்தது. மிச்சத்துக்கு அவர்கள் இங்கே இருந்ததைப் போட்டார்கள்: கறுவாப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலை. ஆக ஏழு சரக்கு. கொழும்பு 7 என்ற பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்றுதான் பேர், ஜின்னின் பெயருக்கு அதுவும் பொருந்தியது. 43.1 வீதம். எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரம் வராதபோது பனங்காயில் உடுப்புத் தோய்த்தோம், பெற்றோல் வராதபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். இல்லாததற்கு இருக்கிறதைப் போட்டு, அது பிறகு தனக்கென்று ஒரு ருசியாக நிற்பது எனக்கு மனதுக்கு மிகவும் கிட்டின விசயம். அந்த ஜின்னை டொனிக்கோடு ஊற்றி, முற்றத்துக் கறிவேப்பிலையில் ஒரு ஈர்க்கை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டால், முதல் மிடறுக்கு முன்னாலேயே வீட்டு மணம் வரும். கறிவேப்பிலையை நசிக்கக் கூடாது, பச்சை ருசி இறங்கிவிடும். ஒரு தட்டு மட்டும்.

இப்போது காசைப் பற்றி மிகவும் சீரியசாகச் சொல்ல வேண்டிய இடம். கிளாஸில் ஜின் கால்வாசி. மிச்சம் முக்கால்வாசியும் டொனிக். ஒரு கிளாஸுக்கு 50 மில்லி ஜின் என்றால் ஒரு போத்தலில் 15 கிளாஸ் வரும். ஒவ்வொன்றுக்கும் 150 மில்லி டொனிக் என்றால் இரண்டேகால் லீற்றர் டொனிக் வேண்டும். ஜின்னில் ஆயிரக்கணக்கில் கூடக் கொடுத்துவிட்டு, காற்றுப் போன டொனிக்கையும் உப்புக் கரிக்கிற ஐஸையும் போடுகிறது என்ன நியாயம்? ஜின்னில் ஒரு படி இறங்கி, மிஞ்சுகிற காசில் சின்னச் சின்னப் போத்தல் டொனிக் வாங்குங்கள், ஒவ்வொன்றாகத் திறக்க. பெரிய போத்தல் மலிவுதான், ஆனால் மூன்றாவது கிளாஸுக்கு வரும்போது காற்று இறங்கியிருக்கும். போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் இருக்கிறதல்லவா, 2016 இலிருந்து சீனி அளவுக்காகப் போடுகிறது, அதையும் பாருங்கள். எங்கள் நாலு பேரில் ஒருவருக்குச் சலரோகம். அவருக்கு நான் சோடாவும் தேசிக்காயும்தான் விடுகிறேன்.

டொனிக்கின் கைப்பு குயினைன். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820 இல் பிரான்சில் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு மருந்து, எங்கள் அம்மம்மா காலத்தில் கொயினா என்றால் சின்னப் பிள்ளையும் முகம் சுழிக்கும். அந்த மரத்தை வளர்க்கத்தான் 1861 இல் ஹக்கலைத் தோட்டமே தொடங்கப்பட்டது. கோப்பியில் நோய் விழுந்த பிறகு மலைநாட்டுத் தோட்டங்கள் கொஞ்சக் காலம் சிங்கோனாவுக்கு மாறின, விலை விழுந்ததும் தேயிலைக்குப் போயின. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் ஹக்கலையில் படம் எடுக்கிற எங்கள் சனத்துக்கு, கிளாஸில் கைக்கிற அந்தக் கைப்புக்கும் அந்தத் தோட்டத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சந்தோசம்.

ஐஸ் பற்றி யாழ்ப்பாணத்தவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. நாங்கள் குடிக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கின மழைத் தண்ணி. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். சில ஊர்க் கிணறு நல்ல தண்ணி, அடுத்த ஒழுங்கைக் கிணறு உவர். அந்தத் தண்ணியில் கட்டின ஐஸ் கரையக் கரைய உப்பும் சுண்ணாம்பும் கிளாஸுக்குள் இறங்கும், எந்த ஜின்னும் தப்பாது. நான் மாதத்தில் ஒரு நாள் ஒரு பெரிய போத்தல் குடிதண்ணி வாங்கி அதில்தான் ஐஸ் கட்டுகிறேன். கட்டி பெரிதாக இருக்க வேண்டும், கிளாஸ் நிறைய இருக்க வேண்டும். கொஞ்ச ஐஸ் கெதியாகக் கரைந்து தண்ணியாகிவிடும். நிறைய ஐஸ் ஒன்றையொன்று குளிர்த்திக்கொண்டு கரையாமல் நிற்கும்.

தேசிக்காய் எங்கள் முற்றத்தில் இருக்கிறது. அதற்குக் காசில்லை. பிழியாமல் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, கிளாஸுக்கு மேலே பிடித்து ஒருக்கால் முறுக்கினால் எண்ணெய் தெறிக்கும், கண்ணுக்கே தெரியும். மெல்லிய ஜின்னுக்கு அது பெரிய உதவி. ஜின் இன்னும் மெல்லியது என்றால் டொனிக்கை விட்டுவிட்டு எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் என்கிற இஞ்சிச் சோடாவை ஊற்றுங்கள். இஞ்சி தூக்கி நிறுத்தும்.

இவ்வளவு நேரமும் மூக்கை நம்புங்கள் என்றேன். ஒரு விசயத்தில் மூக்கை ஒருநாளும் நம்பக் கூடாது. மெத்தனோல் கலந்த மதுவை மணந்து கண்டுபிடிக்க ஏலாது. மணமும் ருசியும் நாங்கள் குடிக்கிற மதுசாரம் மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போன பிறகு கண் நரம்பைத் தின்னும், ஆளைக் கொல்லும். களவாக வடிக்கிற கசிப்பைக் குடித்துக் கண் போன ஆட்களைப் பற்றிக் கேள்விப்படாத ஊர் வடக்கில் இல்லை. நல்ல பிராண்ட் போத்தல், பாதி விலை, ‘தெரிஞ்ச ஆள் எடுத்துத் தந்தது’ என்று கலியாண வீடுகளில் வரும். இங்கே விற்கிற போத்தலின் மூடியில் மதுவரித் திணைக்கள ஸ்டிக்கர் இல்லையென்றால், அல்லது கிழித்து ஒட்டினதாக இருந்தால், தொடாதீர்கள். அந்தப் போத்தலைக் கொண்டுவந்தவர் உங்கள் சொந்த அண்ணனாக இருந்தாலும் தொடாதீர்கள். மலிவாக வாங்குகிறது வேறு, களவாக வந்ததை வாங்குகிறது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் வடிக்கிறவர்கள் ஜூனிப்பருக்குக் காசில்லாமல் டர்பன்டைனை ஊற்றினார்கள், பைன் பிசின் மணம் ஒன்றுதானே என்று. ஏழைச் சனம் அதைக் குடித்துச் செத்தது. 1751 இல் சட்டம் கொண்டுவந்துதான் அதை ஓரளவு அடக்கினார்கள்.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊரில் குடி என்றாலே இரண்டு வகைதான் எனக்குத் தெரிந்து. தொடாதவர், விழும்வரை குடிக்கிறவர். தவறணையில் பின்னேரம் பனையோலைப் பிளாவில் கள்ளுக் குடித்துவிட்டு, தோட்டக் கதை கதைத்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போகிற கிழவர்களை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். அந்தக் கள்ளை அவர்கள் மணந்துதான் வாங்குவார்கள், எந்த மரத்துக் கள், காலமைக் கள்ளா பின்னேரக் கள்ளா என்று சொல்லுவார்கள். அந்த நிதானம்தான் எனக்கு வேண்டும். நாங்கள் நாலு பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் விறாந்தையில் இருக்கிறோம். ஆளுக்கு இரண்டு கிளாஸ், அளந்துதான். எட்டு ஐம்பது நானூறு மில்லி. மிச்சம் அலுமாரிக்குப் போகும். வீடு கிட்ட இல்லாதவர் ஓட்டோவில் போவார்.

போன மாதம் வாங்கினது முதல் தடவையாக ஒரு புது உள்ளூர்ப் போத்தல். சனிக்கிழமை காலமை அம்மா தூளுக்கு மல்லி வறுத்துக்கொண்டு நின்றா. வீடு முழுக்க அந்த மணம், ஜின்னைப் பார்க்க அதைவிடக் கூடாத நேரம் கிடையாது. பின்னேரம் பார்ப்பம் என்று போத்தலை மேசையில் வைத்தேன். அவவாகத்தான் வந்து, “கொண்டு வா பாப்பம்” என்றா. முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் தேசி மரத்தடியில் நின்று, உள்ளங்கையில் விட்டேன். தேய்த்தா, மணந்தா, கையைக் காற்றில் கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்ப மணந்தா.

“உன்ரை குங்கிலியம் கிடக்கு. பிழையில்லை. மல்லிதான் காணாது” என்றா.

பின்னேரம் நாலு பேருக்கும் ஜிஞ்சர் பியரோடுதான் ஊற்றினேன்.